உங்கள் ஜீவியத்தின் எடை எவ்வளவு?

 

தியானப் பகுதி: ஆதியாகமம் 28:10-22, 1 இராஜாக்கள் 19:1-18, தானியேல் 5-ஆம் அதிகாரம். வேதத்தைத் திறந்து இந்த மூன்று பகுதிகளையும் வாசித்துவிட்டு, பிறகு தொடர்ந்து படியுங்கள்.

நம்ம வீட்டில் எதைத்தான் நாம் அளக்கிறதில்லை? அரிசியைப் படியால் அளக்கிறோம். மீனைத் தராசில் நிறுத்து வாங்குகிறோம். காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டர் வைக்கிறோம். வயசு நாற்பதைத் தாண்டினால் சுகர், பி.பி. பார்க்கிறோம். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதல் கேள்வியே, "எத்தனை மார்க்?" என்பதுதான். சரி, ஒரு மனுஷனுடைய ஜீவியத்தை எதைக்கொண்டு அளப்பது? நான் உயிரோடு இருக்கிறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறதா, எனக்குள் நிறைவு இருக்கிறதா என்று அறிய ஒரு படி உண்டா, ஒரு தராசு உண்டா?

உண்டு என்கிறார்கள் படித்தவர்கள். சில வாரங்களுக்கு முன்பு வாலிபர் கூட்டம் முடிந்ததும், ஒரு தம்பி எல்லோரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தான். அவன் வேலை செய்கிற இடத்தில், மனநலத்தைப் பற்றி ஒரு வகுப்பு வைத்து, ஒரு கேள்வித்தாளைக் கொடுத்திருக்கிறார்கள். வாழ்க்கையில் அர்த்தம் இருக்கிறதாகத் தோன்றுகிறதா, திருப்தி இருக்கிறதா என்று கேட்டு, அவரவரே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். தம்பி கேட்டான்: "பாஸ்டர், நான் இரட்சிக்கப்பட்டு, ஞானஸ்நானம் எடுத்து, அபிஷேகம் பெற்றவன். என் பக்கத்து சீட்டில் இருக்கிறவர் ஆண்டவரையே அறியாதவர். அவருக்கு நல்ல மார்க் வந்திருக்கு. எனக்கு ரொம்பக் கம்மி. பொய்யாப் போட மனசு வரலை. அப்போ என் இரட்சிப்பு பொய்யா பாஸ்டர்?"

பிரியமானவர்களே, அந்தத் தம்பியைப் போலக் கேட்காமல் உள்ளுக்குள் வைத்துப் புழுங்குகிறவர்கள் நம்முடைய சபைகளில் எத்தனை பேர்! ஞாயிற்றுக்கிழமை கைதட்டிப் பாடுகிறோம். திங்கட்கிழமை காலையில் எழும்பும்போது நெஞ்சு வெறுமையாயிருக்கிறது. வெளியே சொன்னால், "விசுவாசம் இல்லை" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். ஆகையால் இந்தக் கேள்விக்கு வேதத்தின் வெளிச்சத்தில் பதில் தேடுவோம்.

மனுஷர் வைத்திருக்கும் அளவுகோல்கள்

முதலாவது, இந்தக் கேள்வித்தாள்கள் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். 1964-ஆம் வருஷம் கிரம்பா, மஹோலிக் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், வாழ்க்கையின் நோக்கத்தை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மார்க். ஆகக் குறைந்தது 20, ஆகக் கூடியது 140. அடுத்த வருஷம், 1965-இல், ஹாட்லி கேன்ட்ரில் என்பவர் ஒரு ஏணியை வைத்துக் கேட்டார். கீழே 0, மேலே 10. உச்சியில் இருப்பது உனக்கு ஆகச் சிறந்த வாழ்க்கை, அடியில் இருப்பது ஆக மோசமான வாழ்க்கை. இன்றைக்கு நீ எந்தப் படியில் நிற்கிறாய்? உலக நாடுகளின் மகிழ்ச்சியைப் பற்றி 2012 முதல் வெளிவருகிற அறிக்கையில் தேசங்களை வரிசைப்படுத்துவது இந்த ஏணியை வைத்துத்தான். 1985-இல் எட் டீனரும் அவரோடு இருந்தவர்களும் திருப்தியை அளக்க ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு தாளைக் கொண்டுவந்தார்கள். 2006-இல் மைக்கேல் ஸ்டீகரும் அவருடைய கூட்டாளிகளும் 10 வாக்கியங்கள் கொண்ட இன்னொன்றை வெளியிட்டார்கள். அதில் ஐந்து, அர்த்தம் உன்னிடத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். மற்ற ஐந்து, அர்த்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாயா என்று பார்க்கும். இரண்டையும் சேர்த்துக் கூட்டமாட்டார்கள். ஏனென்றால் தேடுகிறவன் எல்லாம் வெறுமையானவன் என்று சொல்லிவிட முடியாது.

இவைகளெல்லாம் பிசாசின் தந்திரம் என்று நான் சொல்லமாட்டேன். தெர்மாமீட்டர் பிசாசினுடையதா? இல்லையே! காய்ச்சல் இருந்தால் அது காட்டும். இன்றைக்கு உங்கள் உள்ளம் எப்படி இருக்கிறது என்பதை இந்தத் தாளும் ஓரளவுக்குக் காட்டும். ஆனால் 102 டிகிரி என்பது உங்கள் பெயராகிவிடுமா? காய்ச்சல்காரப் பிள்ளையை அப்பா, "நீ என் பிள்ளை இல்லை" என்று சொல்லிவிடுவாரா? அந்தத் தாளால் அளக்க முடியாத காரியங்கள் உண்டு. அவைகளில் மூன்றை ஆவியானவர் என் உள்ளத்தில் வைத்தார்.

1. ஏணியில் ஏறாத மனுஷன்

ஏணி என்றதும் நமக்கு யார் ஞாபகம் வருகிறார்? யாக்கோபு! தகப்பனை ஏமாற்றினான். அண்ணன் கொலைசெய்யத் தேடுகிறான். பெயெர்செபாவை விட்டு ஆரானுக்கு ஓடுகிறான். சூரியன் அஸ்தமித்தது, தங்க வீடில்லை, தலைக்கு ஒரு கல். அந்த இராத்திரி ஒருவர் போய், "யாக்கோபே, 0 முதல் 10 வரை, நீ எந்தப் படியில் நிற்கிறாய்?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? "ஐயா, படியா? நான் தரையில் படுத்துக் கிடக்கிறேன்" என்றிருப்பான்.

ஆனால் அதே இராத்திரியில் அவன் ஒரு ஏணியைக் கண்டான். கவனியுங்கள்! அந்த ஏணியில் யாக்கோபு ஒரு படிகூட ஏறவில்லை. தேவதூதர்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். கர்த்தர் அவனோடே பேசுகிறார். அவனோ தரையிலேயே படுத்திருக்கிறான். போகிற இடமெல்லாம் அவனைக் காத்து, இந்தத் தேசத்துக்குத் திரும்பக் கொண்டுவருவேன் என்ற வாக்குத்தத்தம் தரையில் படுத்திருந்தவனுக்குக் கிடைத்தது. அல்லேலூயா!

உலகத்தின் ஏணி, நீ எவ்வளவு உயரம் ஏறினாய் என்று கேட்கும். நம்முடைய தேவனோ இறங்கி வருகிறவர். யோவான் 1:51-இல் ஆண்டவர் நாத்தான்வேலிடத்தில் பேசும்போது, தேவதூதர்கள் மனுஷகுமாரன்மேல் ஏறி இறங்குவதைக் காண்பீர்கள் என்ற பொருளில் சொல்கிறார். அந்த ஏணி இயேசுதான்! தேவ பிள்ளையே, நீ கடைசிப் படியில் நிற்கிறதாக உனக்குத் தோன்றலாம். ஏணியின் அடி தரையில்தானே ஊன்றியிருக்கிறது? நீ கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அது இருக்கிறது.

2. மார்க் குறைந்த தீர்க்கதரிசியும் மார்க் நிறைந்த சபையும்

கர்மேல் பர்வதத்தில் அக்கினி இறங்கினது. ஜனங்களெல்லாம் முகங்குப்புற விழுந்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேலாகப் பெய்யாத மழை பெய்தது. இதைவிட ஒரு ஊழியக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் யேசபேல் ஆள் அனுப்பி மிரட்டினதும், எலியா ஓடிப்போய் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்கிற அர்த்தத்தில் ஜெபித்தான். அவன் கையில் அந்த 20 கேள்விகளையும் கொடுத்திருந்தால், 140-க்கு 20 வாங்கியிருப்பான். ஆவியில் நிறைந்த தீர்க்கதரிசிக்கு ஆகக் குறைந்த மார்க்!

இப்போது வெளிப்படுத்தல் 3-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். லவோதிக்கேயா சபை. எனக்கு ஒரு குறையும் இல்லை, செல்வமாயிருக்கிறேன் என்று அந்தச் சபை தன்னைப்பற்றி நினைத்திருந்தது. அவர்களிடத்தில் அந்தத் தாளைக் கொடுத்தால் 140-க்கு 140 போட்டிருப்பார்கள். ஆண்டவர் போட்ட மார்க் என்ன? தரித்திரம், குருடு, நிர்வாணம். இரண்டாம் அதிகாரத்தில் சிமிர்னா சபையைப் பாருங்கள். உபத்திரவம், ஏழ்மை. ஆனால் ஆண்டவருடைய கணக்கிலே அவர்கள் ஐசுவரியவான்கள்!

நம்மைப்பற்றி நாமே போடுகிற மார்க் கூடவும் தப்பாகலாம், குறையவும் தப்பாகலாம். பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதும்போது (1 கொரிந்தியர் 4:3-5), மற்றவர்கள் தன்னை நிதானிப்பதும் தனக்குப் பெரிய காரியமல்ல, தானும் தன்னை நிதானித்துக்கொள்வதில்லை, நிதானிக்கிறவர் கர்த்தரே என்கிறார். எவ்வளவு பெரிய விடுதலை பாருங்கள்! உன் பரீட்சைப் பேப்பரை நீயே திருத்தவேண்டியதில்லை.

எலியாவைக் கர்த்தர் என்ன செய்தார்? முதலில் திட்டினாரா? "நேற்று அக்கினியைப் பார்த்தாயே, இன்றைக்கு இப்படிப் பேசலாமா?" என்றாரா? இல்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் சாப்பிடக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஓரேபில் பேசினார்.

இதை வாசிக்கிற யாருக்காவது, வாழ்ந்தது போதும் என்கிற எண்ணம் வந்துகொண்டிருக்குமானால், உங்களுக்கு ஒரு வார்த்தை. அதைத் தனியாகச் சுமக்காதீங்க. இன்றைக்கே உங்கள் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், போதகரிடம் சொல்லுங்கள். டாக்டரிடம் போவது அவிசுவாசம் அல்ல. தூதன் கொண்டுவந்த அப்பத்தைச் சாப்பிட்டது எலியாவுக்கு அவிசுவாசமா? 2022-இல் மத்திய அரசு தொடங்கின டெலி மானஸ் என்ற மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். ஜெபமும் செய்வோம், சிகிச்சையும் எடுப்போம். இரண்டையும் கொடுத்தவர் ஒரே கர்த்தர்.

3. கேள்வி கேட்கிறவர் யார்?

முன்னே சொன்ன 20 கேள்வித் தாள், விக்டர் ஃபிராங்கிள் என்பவருடைய சிந்தனையை ஆதாரமாக வைத்து உண்டானது. அவர் 1905-இல் வியன்னா பட்டணத்தில் பிறந்த யூத வைத்தியர், மனநல மருத்துவர். ஹிட்லருடைய ஆட்கள் யூதர்களை வேட்டையாடின நாட்களில், 1941-இல், அமெரிக்காவுக்குத் தப்பிப்போக அவருக்கு விசா கிடைத்தது. போனால் உயிர் பிழைக்கலாம். ஆனால் வயதான தாய் தகப்பனுக்கு விசா இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தபோது, மேஜையின்மேல் ஒரு பளிங்குத் துண்டு கிடந்தது. நாசிகள் இடித்துப்போட்ட ஜெப ஆலயத்தின் இடிபாட்டிலிருந்து அவருடைய தகப்பன் பொறுக்கிக்கொண்டு வந்தது. அது பத்துக் கற்பனைகளை எழுதியிருந்த பலகையின் துண்டு. அதிலே மீந்திருந்த ஒரு எபிரெய எழுத்து எந்தக் கற்பனைக்குரியது தெரியுமா? தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொல்லுகிற கற்பனை! அந்த விசாவை அவர் அப்படியே காலாவதியாக விட்டுவிட்டார்.

1942-இல் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் முகாமிலே இறந்தார். தாயை ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். மனைவி இன்னொரு முகாமில் இறந்தாள். 1945 ஏப்ரலில் இவர் விடுதலையானார். அங்கே கண்டதை 1946-இல் புஸ்தகமாக வெளியிட்டார். அதில் ஒரு காரியம் சொல்கிறார். முகாமில் இரண்டு பேர், இனிமேல் வாழ்க்கையிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிச் சாகத் துணிந்திருந்தார்கள். ஒருவருக்கு வெளிநாட்டில் ஒரு பிள்ளை காத்திருந்தது. இன்னொருவர் விஞ்ஞானி, அவர் எழுதி முடிக்காத புஸ்தக வரிசை ஒன்று இருந்தது, அதை வேறொருவர் முடிக்க முடியாது. அதை அவர்களுக்கு உணர்த்தினார். வாழ்க்கை எனக்கு என்ன கொடுக்கும் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உண்மையில் கேள்வி கேட்கப்படுகிறவர்கள் நாம்தான், பதில் சொல்லவேண்டியது நம்முடைய கடமை என்பதே அவருடைய போதனையின் சாரம்.

ஃபிராங்கிள் அதை வாழ்க்கை கேட்கிற கேள்வி என்றார். ஓரேபுக்கு வாருங்கள், நமக்கு இன்னும் தெளிவாய்த் தெரியும். எலியாவிடம் இரண்டு தரம் கேள்வி கேட்டவர் யார்? ஜீவனுள்ள தேவன்! இங்கே உனக்கு என்ன காரியம் என்று கேட்டார். எலியா தன் மனக்குறையையே இரண்டு தரமும் சொன்னான்: நான் ஒருவன்தான் மீந்திருக்கிறேன். கர்த்தர் அந்த மனக்குறையை அளந்துகொண்டு உட்காரவில்லை. வேலை கொடுத்தார். ஆசகேலை அபிஷேகம்பண்ணு, யெகூவை அபிஷேகம்பண்ணு, எலிசாவை அபிஷேகம்பண்ணு. கூடவே ஒரு கணக்கும் சொன்னார்: பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7000 பேர் உண்டு! எலியாவின் கணக்கில் ஒன்று, கர்த்தருடைய கணக்கில் ஏழாயிரம். நம்ம கணக்கு எவ்வளவு தப்பு பாருங்க!

தேவ பிள்ளையே, உனக்காக ஒரு எலிசா எங்கோ ஏர் ஓட்டிக்கொண்டிருக்கிறான். நீ எழுந்து போகவேண்டும்.

கர்த்தருடைய தராசு

கடைசியாக, பாபிலோனுக்கு வாருங்கள். பெல்ஷாத்சார் ராஜா ஆயிரம் பிரபுக்களுக்கு விருந்து செய்கிறான். திராட்சரசம், சங்கீதம், பொன் பாத்திரங்கள். அந்த இராத்திரி அவனிடம் திருப்தியைப் பற்றிக் கேட்டிருந்தால் முழு மார்க்! ஆனால் சுவரில் ஒரு கை எழுதினது. அதில் ஒரு வார்த்தை, தெக்கேல். தராசிலே நிறுத்தாயிற்று, எடை போதவில்லை என்று தானியேல் அதற்குப் பொருள் சொன்னார். அன்று இராத்திரியே அவன் செத்தான்.

நீதிமொழிகள் 16:2-இன்படி மனுஷனுடைய ஆவியை நிறுத்துப்பார்க்கிறவர் கர்த்தர். அந்தத் தராசில் யார் நிற்கக்கூடும்? நான் நிற்கக்கூடுமா? நம்முடைய நற்கிரியைகளையெல்லாம் அள்ளிப் போட்டாலும் தட்டு இறங்காது. அதற்காகத்தான் கல்வாரி! நமக்குக் குறைவாயிருந்த எடையைத் தம்முடைய சொந்த இரத்தத்தால் இயேசு நிறைவாக்கினார். தம்பியின் கேள்விக்குப் பதில் இதுதான். உன் இரட்சிப்பு உன் மார்க்கின்மேல் நிற்கவில்லை, சிலுவையின்மேல் நிற்கிறது. உன் மார்க் இன்றைக்கு இரண்டு, நாளைக்கு ஆறு ஆகலாம். சிலுவை மாறாது.

அப்படி நிறைவாக்கப்பட்டவனுடைய ஜீவியம் எப்படியிருக்கும்? யோப்பா பட்டணத்துத் தொற்காளைப் பாருங்கள் (அப்போஸ்தலர் 9). அவள் பிரசங்கம் பண்ணினதாக வேதத்தில் இல்லை. அவள் மரித்தபோது, விதவைகள் அழுதுகொண்டு, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காட்டினார்கள். அவளுடைய ஜீவியத்தின் எடையை அவள் சொல்லவில்லை. மற்றவர்கள் உடுத்தியிருந்த துணி சொன்னது!

வீடு சந்திக்கப் போனபோது ஒரு சகோதரி என்னிடம் சொன்னாள்: "பாஸ்டர், மாமியார் படுத்து பதினோரு வருஷமாச்சு. இதே கட்டில், இதே துணி, இதே கஞ்சி. மத்தவங்க ஊருராய் ஊழியத்துக்குப் போறாங்க. நான் ஆண்டவருக்கு என்னத்தைச் செஞ்சேன்? என் ஆயுசே வீணாப் போச்சு." அவள் பேசிக்கொண்டே அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். படுத்திருந்த அந்தத் தாயாருக்குப் பேச்சு இல்லை, அசைவும் அதிகம் இல்லை. ஆனால் மருமகளுடைய காலடிச் சத்தம் போகிற பக்கமெல்லாம் அவர்களுடைய கண் திரும்பினது. நான் சொன்னேன்: "அம்மா, உங்க மார்க்கை நீங்க போடாதீங்க. அந்தக் கண்ணைப் பாருங்க." மத்தேயு 25-இல் ராஜா, மிகவும் சிறியவரில் ஒருவருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாகக் கணக்கு வைக்கிறாரே! செய்தவர்களோ, "எப்போ செய்தோம் ஆண்டவரே?" என்று ஆச்சரியப்படுகிறார்கள். அவர்கள் தாளில் ஒரு மார்க்கும் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய புஸ்தகத்தில் எல்லாம் எழுதியிருந்தது.

நாம் செய்யவேண்டியது என்ன?

இந்த மாதம் முழுவதும், இராத்திரி ஜெபத்துக்கு முன் ஒரு நோட்டில் மூன்று காரியங்களை மாத்திரம் எழுதுங்கள். மார்க் போடவேண்டாம்.

முதலாவது, இன்றைக்குக் கர்த்தர் எனக்குக் கொடுத்த அப்பம் எது? சாப்பாடு, தூக்கம், ஒரு நல்ல வார்த்தை, எதுவானாலும் எழுதுங்கள்.

இரண்டாவது, இன்றைக்கு நான் யாரைச் சுமந்தேன்? பெயரை எழுதுங்கள். ஒருவரும் இல்லையென்றால், இல்லை என்றே எழுதுங்கள். கர்த்தருக்கு முன்பாக நாம் உண்மையாயிருக்கலாம்.

மூன்றாவது, நாளைக்கு யார் என்னை எதிர்பார்த்திருக்கிறார்கள்? அங்கேதான் உங்கள் எலிசா இருக்கிறான்.

உள்ளம் வெறுமையாயிருக்கிற நாளில் வெறுமை என்றே சொல்லி ஜெபியுங்கள். எலியா அப்படித்தான் ஜெபித்தான். கர்த்தர் அவனைத் தள்ளிவிடவில்லை. உள்ளம் நிறைந்திருக்கிற நாளில் பயத்தோடே ஸ்தோத்திரம் சொல்லுங்கள், லவோதிக்கேயாவை மறக்காதிருங்கள். ஒருநாள் அவர் வருகிறார். அன்றைக்கு நம்முடைய அளவுகோல்களெல்லாம் கீழே விழும், அவருடைய தராசு மாத்திரம் நிற்கும். அவருடைய வருகை சமீபம்!

ஜெபிப்போமா?

எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே, எங்களை நாங்களே நிறுத்துப் பார்த்துச் சோர்ந்துபோனோம். சிலர் எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். இரண்டையும் மன்னியும் ஆண்டவரே. சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்திருக்கிற உம்முடைய பிள்ளைகளைத் தொடும். அப்பம் கொடும், நித்திரை கொடும், பேச ஒரு ஆளைக் கொடும். பிறகு எங்களை எழுப்பி, நாளைக்குச் செய்யவேண்டிய வேலையைக் காட்டும். கட்டிலண்டையில் வருஷக்கணக்காய் நிற்கிற சகோதரிகளைக் கனம்பண்ணும். எங்கள் தட்டிலே குறைந்ததைக் கல்வாரியில் நிறைவாக்கின இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஜீவனுள்ள பிதாவே. ஆமென். அல்லேலூயா!